பச்சை விளக்கு சொல்லாத விஷயம்
வண்டி கேள்வி – பதில்

*இருபது ஆண்டுகளுக்கு மேலாக ட்ரெய்லர் பிரேக் வேலை பார்த்துவரும் மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.*

கேள்வி: அண்ணா, பழைய கேரவன் ட்ரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். முன்பக்கச் சட்டத்தில் சின்னக் கறுப்புப் பெட்டி, அதில் ஒரு பிளாஸ்டிக் பின், பின்னில் மெல்லிய கம்பிக் கயிறு. பக்கத்திலேயே பேட்டரி டப்பா. டப்பாவில் உள்ள பட்டனை அழுத்தினால் பச்சை விளக்கு எரிகிறது. விற்றவர், "கிளம்புவதற்கு முன் பச்சை எரிகிறதா என்று பார்த்தால் போதும்" என்றார். போதுமா?

போதாது தம்பி. அந்த விளக்கு பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது. சுவிட்ச் வேலை செய்யுமா, மின்சாரம் சக்கரம்வரை போகுமா, பிரேக் பிடிக்குமா என்பது அதற்குத் தெரியாது.

அந்தக் கறுப்புப் பெட்டிதான் பிரேக்அவே சுவிட்ச். உள்ளே ஸ்பிரிங் மாதிரி வளையும் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும். பிளாஸ்டிக் பின் நடுவில் நின்று அவற்றை ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஓடும்போது ட்ரெய்லர் கழன்றால், இழுக்கும் வண்டியில் மாட்டிய கயிறு பின்னை உருவிவிடும். தகடுகள் ஒட்டும். ட்ரெய்லரின் சொந்த பேட்டரியிலிருந்து 12 வோல்ட் நேராகப் பிரேக் காந்தங்களுக்கு, அதாவது மின்சாரம் வந்ததும் சக்கரத்தின் டிரம்முக்குள் பிரேக்கைப் பிடிக்கவைக்கும் மின்காந்தங்களுக்குப் போகும். நாலு சக்கரமும் பிடித்துக்கொள்ளும். ஆள் இல்லாத ட்ரெய்லரை எதிரே வருபவர்மேல் மோதாமல் நிறுத்த இதைவிட்டால் வேறு எதுவும் கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், இரண்டு அச்சு ட்ரெய்லர் ஒன்றைப் பரிசோதித்துக் கொடுத்தேன். பச்சை விளக்கு எரிந்தது, மீட்டரில் பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. "பிரேக்அவே சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன் என்பதை இன்றும் மறக்கவில்லை. நாலு மாதம் கழித்து பேரிங் கிரீஸ் போட அதே ட்ரெய்லர் வந்தது. சக்கரங்கள் தூக்கியிருந்ததால் பின்னை உருவிப் பார்த்தேன். ஒரு சக்கரமும் நிற்கவில்லை. பேட்டரியின் நெகட்டிவ் வயரைச் சட்டத்தில் திருகியிருந்த இடத்தில் பெயின்டுக்கு அடியில் துரு ஏறி, திருகு வெறும் துருவைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டும்போது பிரேக் நன்றாகப் பிடித்ததால் ட்ரெய்லர் சொந்தக்காரர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அப்போது மின்சாரம் திரும்பிப் போகும் வழி வேறு, இழுக்கும் வண்டியின் பிளக் வழியாகப் போய்விடும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நாலு மாதம் அப்படி ஓடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து பின்னை உருவாமல் எந்த ட்ரெய்லரையும் நான் வெளியே அனுப்பியதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். முதலில் இழுக்கும் வண்டியிலிருந்து பிளக்கைக் கழற்றுங்கள். பிளக் மாட்டியிருந்தால் வண்டியின் பேட்டரியும் சேர்ந்து கொடுக்கும், உங்கள் சின்ன பேட்டரி செத்திருந்தாலும் தெரியாது. வண்டிக்குள் இருந்தபடி ட்ரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பிரேக் கன்ட்ரோலருக்குள் மின்சாரம் பின்வாசல் வழியாக ஏறி அதைக் கெடுக்கவும் வாய்ப்புண்டு. பிறகு மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள். சுற்றும்போதே இன்னொருவர் பின்னை நேராக உருவட்டும். சக்கரம் அங்கேயே நிற்க வேண்டும். ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொன்றையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் போதும். பின்னைக் கடைசிவரை அழுத்திச் செருகிவிடுங்கள்.

ஜாக்கி இல்லாத இடத்தில், பிளக்கைக் கழற்றி, கொக்கியை மாட்டி, பின்னை உருவிவிட்டு வண்டியை நகரவிடுங்கள். ட்ரெய்லர் முரண்டு பிடித்து இழுபட வேண்டும். தனி ஆளாக இருந்தால் ஒரு சின்ன திசைகாட்டியை டிரம் பக்கத்தில் வையுங்கள். பின் வெளியே வந்ததும் முள் துள்ளினால் அந்தக் காந்தத்துக்கு மின்சாரம் வந்திருக்கிறது என்று பொருள். பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்பதை முள் சொல்லாது.

கேள்வி: ஐயா, என்னுடையது படகு ட்ரெய்லர். பின் இறுகிவிட்டது, இரண்டு கையாலும் இழுத்தால்தான் வருகிறது. எண்ணெய் ஸ்பிரே அடித்துச் சரிசெய்யலாமா?

வேண்டாம். சுவிட்சையே மாற்றுங்கள். இதே மாதிரி இறுகிய ஒன்றை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்திருக்கிறேன். உள்ளே பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு மண்டியிருந்தது. ஒரு தகட்டின் நுனி நகத்தால் கிள்ளினால் உடையும் அளவுக்கு அரித்துப்போயிருந்தது. பின்னைச் சுற்றிலும் அதே களிம்பு இறுகியிருந்தது. எண்ணெய் அடித்தால் பின் வழுக்கிக்கொண்டு வரும், நீங்களும் நிம்மதியாகிவிடுவீர்கள். அரித்துப்போன தகடு திரும்ப வளராது.

மீட்டரில் ஓம் பார்த்துவிட்டு "தொடர்பு இருக்கிறது" என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. பின் உள்ளே இருக்கும்போது தொடர்பு இருக்கக் கூடாது, உருவினால் ஓம் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும் என்பது சரிதான். ஆனால் மீட்டர் அனுப்புவது துளி மின்சாரம். முடி அளவு ஒட்டியிருந்தாலும் அது கடந்துவிடும். ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், நாலு சக்கரத்துக்கு 12. அந்தச் சுமையில்தான் அரித்த தகட்டின் குறை வெளிப்படும். அதனால் பிரேக் இணைப்பில் இருக்கும்போதே பின்னை உருவி, மீட்டரை வோல்ட்டில் வைத்து, சுவிட்சின் இரண்டு வயருக்கும் குறுக்கே பிடியுங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் நல்லது. ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் என்று காட்டினால் சக்கரத்துக்குப் போக வேண்டியதைச் சுவிட்சே தின்றுகொண்டிருக்கிறது. ஆம்பியர் அளக்க வேண்டுமானால் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதாரண மீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் நாலு சக்கரத்துக்குத் தாங்காது.

புதிய சுவிட்சை மாட்டும்போது துளை வானத்தைப் பார்க்கக் கூடாது, மழை நேராக உள்ளே இறங்கும். கயிறு இழுக்கும் திசையும் பின் உருவும் திசையும் ஒன்றாக இருக்கட்டும். இரண்டு வயர் மட்டும் உள்ள சாதாரண சுவிட்சில் எந்த வயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் சரிதான். இணைப்பை வெறும் டேப் சுற்றி விடாதீர்கள். சூடாக்கினால் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள், படகு தண்ணீரில் இறங்கும் ட்ரெய்லருக்கு அது அவசியம்.

கேள்வி: பேட்டரி ஆறு வருடம் பழையது, ஆனால் 12.6 வோல்ட் காட்டுகிறது. மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள். அமெரிக்கக் கூட்டாட்சி விதி 393.43, கழன்ற ட்ரெய்லரின் பிரேக் குறைந்தது 15 நிமிடம் பிடித்திருக்க வேண்டும் என்கிறது. நாலு சக்கரம், 12 ஆம்பியர், கால் மணி நேரம் என்றால் 3 ஆம்பியர்-மணி. இந்த டப்பாக்களில் பெரும்பாலும் 5 ஆம்பியர்-மணி பேட்டரிதான் இருக்கும். அந்த 5 என்பது பல மணி நேரம் மெதுவாக எடுக்கும்போது கிடைக்கும் அளவு. இவ்வளவு வேகமாக உறிஞ்சினால் புது பேட்டரியிலேயே அவ்வளவு கிடைக்காது. ஆறு வருடப் பழசு சுமையில்லாமல் 12.6 காட்டும், பின்னை உருவியதும் மீட்டரில் எண் கண்ணெதிரே சரியும். மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்றிவிடுவது என் வழக்கம். டப்பாவின் மூடிக்கு உள்பக்கம் வாங்கிய மாதத்தை எழுதி வையுங்கள்.

கேள்வி: என் மைத்துனர் கயிற்றைப் பாதுகாப்புச் செயினின் கொக்கியிலேயே மாட்டுகிறார். தவறு என்று சொன்னால் கேட்கவில்லை.

தவறுதான் அம்மா, இந்தப் பதிலை அவரிடமே காட்டுங்கள். செயினும் கயிறும் ஒரே கொக்கியில் இருந்தால், அந்தக் கொக்கி போகும்போது இரண்டும் சேர்ந்தே போய்விடும், பின் அசையாது. பந்து பொருத்திய, கழற்றி மாட்டும் பாகத்திலும் மாட்டக் கூடாது. அந்தப் பாகமே உருவிக்கொண்டு ட்ரெய்லரோடு போனால் கயிறும் கூடவே போகும். வண்டியின் சட்டத்தில் நிலையாக இருக்கும் வளையத்தில் தனியாக மாட்டச் சொல்லுங்கள். முழுக்கத் திருப்பினாலும் கயிறு விறைக்கக் கூடாது, தரையில் உரசவும் கூடாது. நீளம் அதிகமென்று ட்ரெய்லரின் முன்பக்க ஜாக்கியைச் சுற்றிக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கட்டினால் இழுப்பு ஜாக்கியோடு நின்றுவிடும்.

கேள்வி: ட்ரெய்லரை நிறுத்தி வைக்கும்போது பின்னை உருவி விட்டால் பிரேக் பிடித்திருக்குமே?

பேட்டரி தீரும்வரைதான் பிடிக்கும். அதற்குள் காந்தச் சுருளும் சூடேறும். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

கேள்வி: பின் தொலைந்துவிட்டது. தற்காலிகமாக ஒரு ஆணியைச் செருகி வைத்திருக்கிறேன்.

இப்போதே எடுத்துவிடுங்கள். பின்னைப் பிளாஸ்டிக்கில் செய்வதே இரண்டு தகடுகளுக்கும் நடுவே மின்சாரம் போகாமல் இருக்கத்தான். ஆணி உலோகம், இரண்டையும் சேர்த்துவிடும். பிரேக் பிடித்தபடியே ட்ரெய்லர் இழுபடும், இழுக்கும் வண்டியின் சார்ஜ் வயர் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருந்தால் விடவே விடாது. இப்படி ஒருவர் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு வந்தார். டிரம்மில் பெயின்ட் கருகிக் கொப்பளித்திருந்தது, ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தது. அதே கம்பெனி, அதே மாடலுக்கான பின்னை வாங்குங்கள். ஒவ்வொன்றின் தடிமனும் வேறு, லூசாக இருப்பது குலுங்கலில் விழுந்துவிடும். புதுப் பின் வரும்வரை அந்த ட்ரெய்லரை ரோட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.