எதையும் செய்யாத மென்பொருள் மோசடியா?

கேள்வி: நண்பர் அனுப்பிய ஒரு செயலியை நிறுவினேன். 'தயாராகிறது' என்று நெடுநேரம் ஓடிய பிறகு, 'இந்தச் செயலி எதையும் செய்யாது' என்ற வரியைக் காட்டி நின்றுவிட்டது. இப்படிப்பட்ட செயலிகளை எழுதுவது திறமையை வீணடிப்பதும் மக்களை ஏமாற்றுவதும் ஆகாதா?

பதில்: திறமை வீணாகிறது என்பதை நான் ஏற்கவில்லை. எதையும் செய்யாமல் ஒழுங்காக முடிவது ஒரு நிரலுக்கு அத்தனை எளிதன்று. ஐ.பி.எம். பெருங்கணினிகளில் ஐ.இ.எஃப்.பி.ஆர்.14 என்றொரு நிரல் உண்டு. அழைத்த இடத்துக்கு உடனே திரும்பிவிடுவதுதான் அதன் முழு வேலை. கோப்புகளை உருவாக்குவதையும் நீக்குவதையும் இயங்குதளமே பார்த்துக்கொள்ளும் என்றாலும், பெயருக்கு ஏதாவது ஒரு நிரல் ஓடியாக வேண்டும் என்பதால் அது தேவைப்பட்டது. ஒரே கட்டளையால் ஆன அதன் முதல் வடிவத்திலேயே பிழை இருந்தது: வெற்றியா தோல்வியா என்பதைத் தெரிவிக்கும் பதிவகத்தை (கணினியின் செயலகம் எண்ணைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) சுழியமாக்காமல் திரும்பியதால், அங்கே ஏற்கெனவே கிடந்த எண்ணே விடையாகப் போய்ச் சேர்ந்தது. இன்னொரு கட்டளையைச் சேர்த்த பிறகே அது சரியானது.

அடுத்தது ஏமாற்று. உங்களுக்கு நேர்ந்தது ஏமாற்றம். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். 2008-இல் ஐபோனுக்கு 'ஐ ஆம் ரிச்' என்ற செயலி 999.99 டாலர் விலையில் வந்தது. சிவப்புக் கல் ஒன்று திரையில் ஒளிரும், அவ்வளவுதான். மறைவான பயன் எதுவும் இல்லை என்று விற்பனைக் குறிப்பே கூறியது; எட்டுப் பேர் வாங்கினார்கள், ஆப்பிள் விரைவிலேயே அதை நீக்கிவிட்டது. அந்த விலை எனக்கு உவப்பானதன்று. ஆயினும் அதில் பொய் இல்லை. மாறாக, 1995-இல் வந்த 'சாஃப்ட்ராம்95' கணினியின் நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்று உறுதி கூறி விற்கப்பட்டது. விண்டோஸ் 95 கணினிகளில் அது அப்படி எதையும் செய்யவில்லை என்று நுகர்வோர் ஏமாற்றப்படுவதைத் தடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. மோசடி என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரையில் முன்னேற்றத்தைக் காட்டும் பட்டை நகர்ந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று நம்பிக் காத்திருக்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை உங்கள் நண்பரின் செயலி சில நிமிடங்களில் உங்களுக்கே காட்டிக்கொடுத்தது. இதைத்தான் நான் மதிக்கிறேன். ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். நிறுவும்போது அது தொடர்பு எண்களையோ இருப்பிடத்தையோ அணுக அனுமதி கேட்டதா? எதையும் செய்யாத செயலிக்கு அவற்றால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்டிருந்தால் அதை உடனே நீக்கிவிட்டு, நண்பரையும் நீக்கச் சொல்லுங்கள்.