கவிதைக்கு லைசென்ஸ் தேவையில்லை, வைனுக்குத்தான் தேவை

கேள்வி: இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் வசிக்கும் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து, மாதம் ஒரு வெள்ளி மாலை கவிதை வாசிப்பு நடத்த நினைக்கிறோம். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதுவதையும் மேடையேற்ற விருப்பம். பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர், வைன் சுவை பார்க்கும் தன் மண்டபத்தை வாடகையில்லாமல் தருகிறார். நிகழ்ச்சி ஒழுங்குசெய்து கொடுக்கும் ஒருவரோ, 'என்டர்டெயின்மென்ட் லைசென்ஸ்' கட்டாயம் வேண்டும், 450 பவுண் தந்தால் எடுத்துத் தருகிறேன் என்கிறார். உண்மையா? ரிக்கெற் 8 பவுண், ஒரு கிளாஸ் வைன் இலவசம் என்று போடலாமா? பாரதி, ஈழத்துக் கவிஞர் மஹாகவி ஆகியோரின் கவிதைகளை வாசிக்க அனுமதி வேண்டுமா?

பதில்: அந்த 450 பவுணைக் கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் லைசென்ஸ் 2005 நவம்பரோடு ஒழிந்துபோனது. 2003ஆம் ஆண்டின் லைசென்சிங் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் அது இல்லாமல் போய்விட்டது. இப்போதைய சட்டத்தில் எந்தெந்தக் கேளிக்கைகளுக்கு அனுமதி வேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: நாடகம், திரைப்படம், உள்ளரங்க விளையாட்டு, குத்துச்சண்டை, இசை, நடனம். கவிதை வாசிப்பு அதில் இல்லை. மைக் வைத்தாலும் இல்லை, நூறு பேர் வந்தாலும் இல்லை. இசை அந்தப் பட்டியலில் இருந்தாலும், கவிதைக்கு நடுவே ஒருவர் புல்லாங்குழல் வாசிப்பதை இரவு 11 மணிக்குள் முடித்தால் பயமில்லை.

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இந்தப் பழைய பெயரைச் சொல்லிக் காசு பறிப்பவர்கள் இருப்பதற்குக் காரணம், கவுன்சில்கள் இதைச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதி வைக்காததுதான். படிவம் இருக்கும், படிவத்துக்கு வழிகாட்டி இருக்கும், வழிகாட்டிக்கு இன்னொரு வழிகாட்டி இருக்கும். 'உங்களுக்கு ஒன்றும் தேவையில்லை' என்ற வரி மட்டும் எங்கும் இருக்காது. அந்த இடைவெளியில்தான் இந்தத் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியது வைனை. ரிக்கெற்றுக்குக் காசு வாங்கிவிட்டு 'ஒரு கிளாஸ் இலவசம்' என்று போட்டால், சட்டத்தின் கண்ணில் அது விற்பனை. நன்கொடை என்று பெயர் மாற்றினாலும், கொடுக்காதவரை உள்ளே விடாவிட்டால் அதுவும் விற்பனைதான். ஆகவே ரிக்கெற்றிலிருந்து வைனை எடுத்துவிடுங்கள். வேண்டியவர்கள் தோட்டக்காரரின் பாரில் தாங்களே காசு கொடுத்து வாங்கட்டும். அப்போது விற்பவர் அவர், பொறுப்பும் அவருடையது.

ஆனால் அவருக்கு அங்கேயே குடிக்கக் கொடுக்கும் அனுமதி இருக்கிறதா? பல தோட்டங்களின் லைசென்ஸ், போத்தலை வீட்டுக்கு எடுத்துப் போவதற்கு மட்டும் எடுத்தது. இதை அறியத் தரகர் தேவையில்லை. லைசென்ஸின் சுருக்கத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். மண்டபத்துச் சுவரைப் பாருங்கள். கவுன்சிலின் பதிவேட்டிலும் பார்க்கலாம். வெள்ளி மாலை நேரம் அதில் அடங்குகிறதா, லைசென்ஸோடு இணைத்த வரைபடத்தில் உங்கள் இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கோடையில் கொடிகளுக்கு நடுவே கதிரை போட ஆசை வரும். அந்த இடம் வரைபடத்துக்கு வெளியே இருந்தால் அங்கே விற்க முடியாது.

அனுமதி இல்லையென்றால் அடுத்த வழி தற்காலிக நிகழ்வு அறிவித்தல் (Temporary Event Notice, TEN), பேச்சுவழக்கில் 'டென்'. கட்டணம் 21 பவுண். இதையே நூற்றுக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்து தருபவர்களும் உண்டு, ஏமாறாதீர்கள். அரசு இணையத்தளத்தில் நீங்களே அனுப்பலாம். பத்து வேலைநாட்களுக்கு முன் அனுப்ப வேண்டும். அந்தப் பத்தில் கவுன்சிலுக்குக் கிடைத்த நாளும் நிகழ்ச்சி நாளும் சேராது, சனி, ஞாயிறு, வங்கி விடுமுறையும் சேராது. மூன்று வாரம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.

தரகர் சொல்லாத விஷயம் இனித்தான். தனிப்பட்ட மது லைசென்ஸ் இல்லாத ஒருவர் வருடத்துக்கு ஐந்து டென்தான் கொடுக்கலாம். ஒரே இடத்துக்கு வருடத்தில் பதினைந்துதான். நீங்கள் மாதந்தோறும் ஒன்று எடுத்தால் பன்னிரண்டு போய்விடும், தோட்டக்காரரின் கல்யாணங்களுக்கும் அறுவடை விழாவுக்கும் மிஞ்சுவது மூன்று. இரண்டாம் வருடம் மண்டபம் தர அவர் தயங்குவார். மாதாமாதம் நடத்துவதென்றால் அவரே தன் லைசென்ஸைத் திருத்திக்கொள்வதுதான் முறை. அதற்காக 28 நாள் வெளிர்நீலத் தாளில் அறிவித்தல் ஒட்டிவைக்க வேண்டும், ஆள் நடமாட்டமே இல்லாத தோட்டத்து வாசலிலும்கூட! இந்த விதியால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இருந்தாலும் ஒருமுறை செய்துவிட்டால் போதும்.

இனிக் கவிதைகள். பாரதி மறைந்தது 1921இல், தாராளமாக வாசியுங்கள். மஹாகவி மறைந்தது 1971இல். இங்கே பதிப்புரிமை எழுதியவர் இறந்து 70 வருடம் நிற்கும் என்பதால் அவருடைய கவிதைகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. ஆனாலும் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு ஒரு நல்ல விலக்கைத் தருகிறது. வெளியான படைப்பிலிருந்து நியாயமான அளவு பகுதியை, கவிஞரின் பெயரையும் படைப்பின் பெயரையும் சொல்லி, ஒருவர் பொதுவில் வாசிக்கலாம். 'ஒருவர்' என்பதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். நம்மவர்களுக்கு இருவர் மாறிமாறிச் சொல்வதும், பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரே குரலில் சொல்ல வைப்பதும் பிடிக்கும். அப்படிச் செய்தால் இந்த விலக்கு கைகொடுக்காது. ஒருவரே நின்று வாசித்தாலும் முழுக் கவிதையையும் வாசித்தால் அது 'பகுதி' ஆகாது, எட்டு வரிக் கவிதையானாலும் அப்படித்தான். மஹாகவியின் நீண்ட படைப்பொன்றிலிருந்து இருபது வரி ஒருவர் வாசிக்கலாம். குழுவாகவோ முழுதாகவோ வேண்டுமானால் உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். பிள்ளைகள் சொந்தமாக எழுதியதை எத்தனை பேர் சேர்ந்தும் சொல்லலாம்.

பிள்ளைகள் பெரியவர்களோடு வருவதில் தடையில்லை. பஸ் வராத இடமென்றால் வாகனம் ஓட்டுபவர் யார் என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். நூறு மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்ற வரம்பை நம்பி ஒரு கிளாஸ் குடித்துப் பார்க்க வேண்டாம், ஓட்டுபவர் தொடாமலே இருக்கட்டும்.

அந்த ஒழுங்கமைப்பாளருக்கு ஏற்கனவே முன்பணம் கட்டியிருந்தால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் இந்த லைசென்ஸ் தேவை என்று மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் சந்திக்காமல் தொலைபேசியிலோ இணையத்திலோ தனிநபராக ஒப்புக்கொண்டிருந்தால் பொதுவாக 14 நாட்களுக்குள் ரத்துசெய்ய உங்களுக்கு உரிமை உண்டு. ரத்துசெய்வதையும் மின்னஞ்சலிலேயே எழுதுங்கள்.