முக்கோணத்துக்கு 60 போட்டால்?

செம்பூர் வாசகி: பையனுக்கு ஆறு வயது. பக்கத்து பில்டிங் பிள்ளைகள் பைத்தான் (நிரல் எழுதும் மொழி) வகுப்புக்குப் போகிறார்கள். இவனையும் சேர்க்கலாமா?

வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில், நிரலில் விட்டுப்போன அடைப்புக்குறியைத் தேடச் சொன்னால் அழுகைதான் மிஞ்சும். ஸ்க்ராட்ச் ஜூனியர் செயலி 5 முதல் 7 வயதுக்காகவே செய்தது, இலவசம். படக் கட்டைகளை வரிசையாக அடுக்கினால் பூனை நடக்கும். படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

மாட்டுங்கா வாசகர்: மகள் ஏழாம் வகுப்பு. ஸ்க்ராட்ச் போரடிக்கிறது என்கிறாள். நேரே பைத்தானா?

ஆமாம், ஆனால் டர்டிலில் தொடங்குங்கள்; சொன்னபடி நகர்ந்து திரையில் கோடு போடும் ஆமை அது. பைத்தானோடு கூடவே வருகிறது. 1967-ல் உருவான லோகோ மொழி பிரபலமாக்கிய அதே ஆமைதான். '100 போ, 90 திரும்பு' என்று நான்கு முறை சொன்னால் சதுரம். அடுத்து சமபக்க முக்கோணம் கேளுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் பெரும்பாலும் 60 போடுவார்கள். உள்கோணம் 60 என்று பள்ளியில் படித்தாயிற்றே! மூன்று பக்கம் போட்டதும் அரை அறுகோணத்தில் ஆமை நிற்கும். அப்போது அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். ஹாலில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, அவளையே அதன்மேல் நடக்கச் சொல்லுங்கள். மூலையில் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்தால் புரிந்துவிடும். ஒரு சுற்று வந்தால் மொத்தம் 360, மூன்றால் வகுத்தால் 120. அப்புறம் ஐந்து பக்கம், எட்டு பக்கம் எல்லாம் அவளே வகுத்துக்கொள்வாள்.

கை வந்தபின் கோலத்துக்குப் போங்கள். ஒரே வளைவைத் திரும்பத் திரும்பப் போடுவதுதானே லூப்? (சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி குழுவினர் 1974-லேயே கோலத்தை இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள்.)

தாராவி வாசகர்: 5, 7 கொடுத்துக் கூட்டச் சொன்னால் 57 என்கிறது. பைத்தானில் தப்பா?

இல்லை. இன்புட் (input) கட்டளை வாங்கித் தருவது எல்லாமே பைத்தானுக்கு எழுத்துதான். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் ஒட்டிக்கொள்ளும். இன்ட் (int) போட்டு எண்ணாக மாற்றினால் 12 வரும்.

முலுண்ட் வாசகி: தமிழிலேயே நிரல் எழுதலாமா?

எழில் என்று ஒரு மொழி இருக்கிறது. அச்சிட 'பதிப்பி'. ஆங்கில 'if'-க்குப் பதில் 'ஆனால்'; நிபந்தனை முதலில், 'ஆனால்' பிறகு. நாம் பேசுகிற வரிசை அதுதான் என்பதால் எனக்கு அது பிடிக்கும். ஆனால் சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் பைத்தான்தான். இன்னொன்று, இங்கே மும்பையில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச்சோடு சரி. உங்கள் பிள்ளை தமிழ் வாசிப்பானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.