நடத்தையியல்: கேள்வி பதில்

நடத்தையியல் என்பது நடத்தையை ஆராயும் உளவியல் பிரிவு. வாசகர்களின் கேள்விகளும் என் பதில்களும் இங்கே.

பி.எட். மாணவி: எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனைதானே?

இல்லை. வலுவூட்டினால் நடத்தை கூடும், தண்டித்தால் குறையும். கூண்டின் தரையில் மின்னதிர்ச்சி. எலி நெம்புகோலை அழுத்தியதும் அது நிற்கிறது. அடுத்த முறை எலி விரைந்து அழுத்துகிறது. தொல்லை நீங்குவதால் ஒரு செயல் வலுப்பெறுகிறது, அதுதான் எதிர்மறை வலுவூட்டல்.

பாவ்லோவுக்கு நோபல் பரிசு நாய் ஆய்வுக்காகவா?

ரஷ்ய உடலியலாளரான அவர் நாய்களை வைத்துத்தான் ஆய்ந்தார். ஆனால் 1904-இல் கிடைத்த பரிசு செரிமான ஆய்வுக்கானது, ஒரு தூண்டலை இன்னொன்றோடு இணைத்துப் பழக்கும் ஆக்கநிலையுறுத்தத்துக்கு அன்று.

பிள்ளையை அடிப்பது எதிர்மறை வலுவூட்டலா?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஸ்கின்னர் பெட்டியில் வளர்த்த மகள் தற்கொலை செய்துகொண்டாராமே?

பொய். அமெரிக்க நடத்தையியலார் ஸ்கின்னர் செய்த அது, சூடு சீராக வைக்கப்பட்ட, கண்ணாடி முகப்புள்ள தொட்டில். மகள் டெபோரா ஓவியராக வாழ்ந்து, 2004-இல் இந்த வதந்தியைத் தாமே மறுத்து எழுதினார். உயிரோடிருப்பவரைச் சாகடிக்கும் கதையைத் தயவுசெய்து பரப்பாதீர்கள்.

மனமே இல்லை என்று சொன்னவர்கள்தானே நடத்தையியலார்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1913-இல் நடத்தையியலைத் தொடங்கிய வாட்சன் அகநோக்கை, அதாவது தன் மனத்தைத் தானே கவனித்துச் சொல்லும் முறையை, அறிவியலிலிருந்து விலக்கினார். ஸ்கின்னர் அப்படிச் செய்யவில்லை. 1945-இல் அவர் பல்வலியை எடுத்துக்கொண்டார். வலி எனக்குள் இருக்கிறது. பிறர் அதைக் காண முடியாது. பின் எனக்கு 'வலி' என்ற சொல்லைக் கற்பித்தது யார்? வீங்கிய கன்னத்தையும் அழுகையையும் பார்த்தவர்கள். நம் சொற்களையே பாருங்கள்: குத்துகிறது, எரிகிறது, தெறிக்கிறது. ஊசியும் நெருப்பும் வெளியே இருப்பவை. உள்வலிக்கு அவற்றிடமிருந்தே சொல்லைக் கடன் வாங்கினோம். அகம் உண்டு, அதைப் பேசும் மொழி ஊரார் தந்தது. இதைவிட நுட்பமான பார்வையை நான் உளவியலில் அதிகம் கண்டதில்லை.

அதே வாசகர்: அப்படியானால் டோல்மனின் எலிகள்?

நல்ல அடி. 1930-இல் அமெரிக்க உளவியலாளர் டோல்மனும் ஹான்சிக்கும் சில எலிகளைப் பத்து நாள், பாதை முடிவில் உணவு வைக்காமல், புதிர்ப்பாதையில் திரியவிட்டார்கள். பதினோராம் நாள் உணவு வைத்ததும் அவற்றின் தவறுகள் சட்டென்று குறைந்தன. வலுவூட்டல் இல்லாமலே வழியைக் கற்றிருந்தன. எல்லாவற்றுக்கும் வலுவூட்டலே காரணம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் டோல்மனும் தம்மை நடத்தையியலார் என்றே சொல்லிக்கொண்டார்!

அவரே மீண்டும்: மொழியியலாளர் சாம்ஸ்கி 1959-இல் எல்லாவற்றையும் தகர்த்துவிட்டாரே?

தகர்த்தது ஸ்கின்னரின் மொழிக் கோட்பாட்டை. கூண்டில் துல்லியமான 'தூண்டல்', 'வலுவூட்டல்' என்ற சொற்கள் மனிதப் பேச்சுக்கு வரும்போது நெகிழ்ந்துவிடுகின்றன என்றார். அதில் அவர் சொன்னது சரி. ஸ்கின்னர் புறாக்களிடம் கண்ட முடிவுகள் அப்படியே நிற்கின்றன.

என் மகனின் கைபேசிப் பழக்கத்தை நிறுத்த வழி?

உளவியல் ஆலோசகரிடம் செல்லுங்கள். கூண்டில் கண்டதைப் பிள்ளையிடம் சோதிக்காதீர்கள். 1920-இல் வாட்சனும் ரேனரும் ஆல்பர்ட் என்ற குழந்தைக்கு வெள்ளை எலியைக் கண்டால் அஞ்சக் கற்பித்தார்கள். அந்த அச்சத்தை நீக்காமலே விட்டுவிட்டார்கள்.

எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்றா?

இல்லை.