கை நீட்டி எடுப்பதற்குள் மூளை செய்யும் வேலைகள்: கேள்வி பதில்

பக்கவாதத்துக்குப் பிறகு கையை மறுபடி பழக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். கை நீட்டுவது, பிடிப்பது, தூக்குவது பற்றி நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், கண் பார்க்கிறது, கை அதன் பின்னாலேயே போகிறது. இவ்வளவுதானே?

பதில்: அப்படித்தான் தோன்றும். ஆனால் நேரக் கணக்கு உதைக்கிறது. கண்ணில் பட்ட ஒரு மாற்றம் மூளைக்குப் போய், அங்கிருந்து கைத் தசைக்கு வந்து சேர ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கு மேலும் ஆகிறது. பக்கத்தில் இருக்கும் டம்ளரை எடுக்கவோ மொத்தமாகவே ஒரு நொடிக்கும் குறைவுதான். பார்த்துப் பார்த்து நகர்த்துவதென்றால் கை எப்போதும் பழைய செய்தியை நம்பியே போகும். அதனால் மூளை முதலிலேயே ஒரு கணிப்பைப் போட்டுக் கையை அனுப்பிவிடுகிறது; நெருங்கும்போது நுணுக்கமாகத் திருத்துகிறது. இந்த இரண்டு கட்டங்களையும் ராபர்ட் உட்வொர்த் 1899-லேயே பிரித்துக் காட்டினார்.

போகிற போக்கிலும் திருத்தம் நடக்கிறது. 1986-இல் குடேல், பெலிசான், பிராப்லாங்க் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். ஒளிப்புள்ளியைத் தொடச் சொல்லிவிட்டு, கண் அதை நோக்கித் தாவுகிற அந்தக் கணத்தில் புள்ளியைச் சற்று நகர்த்தினார்கள். புள்ளி நகர்ந்ததே ஆட்களுக்குத் தெரியவில்லை. கை மட்டும் வழி மாறிப் புது இடத்தில் போய் நின்றது. எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காத சோதனை இது.

நீங்களே ஒன்று பாருங்கள். மேசையில் ஒரு பேனா, ஒரு டம்ளர். முதலில் பேனாவை எடுங்கள், அப்புறம் டம்ளரை. இரண்டு முறையும் விரல்களையே கவனியுங்கள். பொருளைத் தொட்டபின் விரல்கள் அளவெடுப்பதில்லை, வழியிலேயே விரிகின்றன. பயணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கடந்ததும் விரிவு உச்சத்துக்குப் போகிறது. அதுவும் பொருளின் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக. பிறகு மெல்ல மூடிக்கொண்டு வந்து பொருளைத் தொடுகிறது. 1980-களில் மார்க் ஜானெரோ படமெடுத்து அளந்து சொன்னது இது.

கேள்வி: நிறைந்திருக்கிறது என்று நினைத்துக் காலி பாட்டிலைத் தூக்கினால் கை சட்டென்று மேலே போய்விடுகிறதே, ஏன்?

பதில்: எடை கையில் தெரிவதற்கு முன்பே தூக்கும் விசை முடிவாகிவிடுகிறது. பொருள் மேசையை விட்டுக் கிளம்பினால்தான் எடை எவ்வளவு என்று விரலுக்குத் தெரியும். அதற்குள் தசைகளுக்கு உத்தரவு போய்விட்டது. நிறைந்த பாட்டிலுக்கான விசை காலி பாட்டிலில் இறங்கினால் கை மேலே பாயத்தான் செய்யும். இரண்டாவது முறை தூக்கிப் பாருங்கள், பாயாது. ஒரே ஒரு பிழை போதும், கணக்கு திருந்திவிடுகிறது.

எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்பதும் இப்படித்தான். ஸ்வீடனில் யோஹான்சனும் வெஸ்ட்லிங்கும் 1984-இல் இதை அளந்தார்கள். தூக்கும் விசை ஏற ஏற விரல் அழுத்தமும் கூடவே ஏறுகிறது. நழுவாமல் இருக்கத் தேவையானதைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். வழுவழுப்பான பரப்பென்றால் அழுத்தம் கூடும், சொரசொரப்பென்றால் குறையும். பொருள் துளி நழுவினாலும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பிடி இறுகிவிடும். நமக்கு உணர்வதற்கே நேரம் இருக்காது. விரல் நுனியை மரத்துப் போக வைத்தால் இந்தச் சிக்கனம் போய்விடுகிறது, தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறோம். விரல் மரத்துப் போனவர்கள் சட்டைப் பொத்தான் போடத் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே குறைந்திருப்பது பலம் அல்ல, செய்தி.

கேள்வி: ஒரே எடையுள்ள இரண்டு பெட்டிகளில் சின்னதுதான் கனமாகத் தெரிகிறது. மூளை அப்போது தப்பாகத்தானே கணிக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. 2000-இல் ஃபிளனகனும் பெல்ட்ஸ்னரும் இதைத்தான் பார்த்தார்கள். மாறி மாறித் தூக்கச் சொன்னால், முதலில் பெரிய பெட்டிக்கு விசை அதிகமாகப் போகிறது. சில முறை தூக்கியதும் விரல்கள் இரண்டுக்கும் சரியான விசையையே கொடுக்கின்றன. ஆனால் ஆளைக் கேட்டால், “சின்னதுதான் கனம்” என்றுதான் சொல்வார். கை கற்றுக்கொண்டது, மனசு கற்றுக்கொள்ளவில்லை!

கேள்வி: அக்கா, பார்ப்பதற்கும் எடுப்பதற்கும் மூளையில் வேறு வேறு வழி என்று படித்தேன். நம்பலாமா?

பதில்: நம்பலாம் தம்பி. கோடு போட்ட மாதிரி முழுசாகப் பிரிந்தவை அல்ல, ஆனால் பிரிவு உண்டு. கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதித்த ஒரு பெண்ணை மில்னரும் குடேலும் ஆராய்ந்து 1991-இல் எழுதினார்கள். எதிரில் இருக்கும் நீளமான துளை எந்தச் சாய்வில் இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது, கையில் உள்ள அட்டையைத் திருப்பிக் காட்டவும் வராது. “சரி, அட்டையை உள்ளே போடுங்கள்” என்றதும் சரியான சாய்வில் திருப்பிப் போட்டுவிடுவார். இதற்கு நேர் எதிரான நிலையை பாலிண்ட் 1909-லேயே விவரித்திருந்தார்: பொருள் என்னவென்று தெரியும், ஆனால் அதை நோக்கி நீளும் கை குறி தவறும். உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் உள்ள பரைட்டல் பகுதி அடிபட்டால் அப்படி ஆகிறது.

கேள்வி: புதுக் கண்ணாடி போட்ட முதல் நாள் படியில் கால் தடுமாறுகிறது. நாலு நாளில் சரியாகிவிடுகிறது. கையும் இப்படிப் பழகுமா?

பதில்: பழகும். எதிரில் உள்ளதை ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டும் பட்டகக் கண்ணாடி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு குறி பார்த்துப் பந்து வீசினால் முதல் வீச்சு விலகிப் போகும். பத்து, இருபது வீச்சில் குறி சரியாகிவிடும். இப்போது கண்ணாடியைக் கழற்றுங்கள். பந்து எதிர்ப்பக்கம் விலகும்! கண்ணாடி இல்லை என்று உங்களுக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. இந்தப் பின்விளைவுதான் சான்று. புத்தியால் “கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வீசுவோம்” என்று சமாளித்திருந்தால், கழற்றியதும் அந்தத் தந்திரத்தை விட்டுவிட்டால் போதும். பந்து நேராகப் போயிருக்கும். மாறியது உள்ளே இருக்கும் கணக்கு.

இந்தக் கணக்கை மாற்றுவதில் பெரும்பங்கு சிறுமூளைக்கு. மார்ட்டின், தாச் குழுவினர் 1996-இல், சிறுமூளை பாதித்த நோயாளிகள் பலருக்கு இந்தப் பழக்கம் ஏற்படவே இல்லை என்று காட்டினார்கள். கண்ணாடியோடு விலகிய பந்து கடைசி வரை விலகியே போனது. கழற்றினால் பின்விளைவும் இல்லை. மனித மூளையின் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி, பிடரிப் பக்கம் ஒதுங்கியிருக்கும் இந்தச் சிறுமூளையில்தான் இருக்கின்றன.

கேள்வி: ஒரு சின்னச் சந்தேகம். இடது கையில் கனமான புத்தகம் வைத்திருக்கும்போது யாராவது அதை எடுத்தால் கை மேலே துள்ளுகிறது. நானே வலது கையால் எடுத்தால் துள்ளவில்லை.

பதில்: நீங்கள் எடுக்கப் போகிறீர்கள் என்று மூளைக்கு முன்கூட்டியே தெரியும். வலது கை புத்தகத்தைத் தூக்கும் அதே நேரத்தில் இடது கைத் தசையைத் தளர்த்திவிடுகிறது. அடுத்தவர் எப்போது எடுப்பார் என்று அதே நுணுக்கத்தில் அதற்குத் தெரியாது.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. தோளும் முழங்கையும் ஓரளவு வந்துவிட்டன. விரல் மட்டும் திறக்கவே மாட்டேன் என்கிறது. அவர் முயற்சி செய்யவில்லையோ என்று வீட்டில் பேசுகிறார்கள்.

பதில்: முதலில் அந்தப் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் முயல்கிறார். தோளுக்கு மூளையிலிருந்து வரும் பாதைகள் பல. ஒன்று அறுந்தால் இன்னொன்று ஓரளவு தாங்கும். விரல்களைத் தனித்தனியாக அசைப்பதோ பெரும்பாலும் பெருமூளையின் மேற்பரப்பிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் ஒரே பாதையை நம்பியிருக்கிறது. 1968-இல் லாரன்ஸும் கைப்பர்ஸும் குரங்குகளில் அந்தப் பாதையை அறுத்துப் பார்த்தார்கள். ஓடுவதும் ஏறுவதும் திரும்பி வந்தன, விரலைத் தனியாக அசைக்கும் திறன் மட்டும் வரவில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்தப் பாதை எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எதுவும். ஐந்து மாதம் என்பது முடிவுகட்டுகிற காலம் அல்ல.

பயிற்சியில் எண்ணிக்கை முக்கியம். 2009-இல் கேத்தரின் லாங் குழுவினர் கவனித்தபோது, ஒரு பிசியோதெரபி அமர்வில் பக்கவாத நோயாளிகள் கையால் செய்த பயனுள்ள அசைவு சராசரியாக 32 முறைதான். விலங்குச் சோதனைகளில் மூளை மாறியதெல்லாம் நாளுக்கு நூற்றுக்கணக்கான முறை செய்தபோது. அதற்காக ஒரே பந்தை ஒரே மாதிரி அமுக்கச் சொல்லாதீர்கள். டம்ளர், துணி, சாவி என்று பொருளை மாற்றுங்கள். வைக்கும் இடத்தை மாற்றுங்கள். பிழை வந்தால்தான் கணிப்பு திருந்தும்.

நல்ல கையைக் கட்டிப்போட்டுப் பழக்கும் முறை பற்றி இன்னொருவரும் கேட்டிருந்தார். மணிக்கட்டையும் விரல்களையும் கொஞ்சமாவது தானாக நிமிர்த்த முடிகிறவர்களுக்குத்தான் அது. உங்கள் அப்பாவுக்கு இப்போது வேண்டாம். அவருடைய தெரபிஸ்டிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: மணிக்கட்டை நிமிர்த்தச் சொல்லும்போது தசையில் ஏதாவது துடிப்பு தெரிகிறதா என்று. தெரிந்தால் அங்கிருந்து தொடங்கலாம்.