பத்து எபிசோடில் ஒரு வாழ்க்கை: ஜஸ்பால் பட்டி பற்றி ஒரு கடிதம்

வணக்கம் சார்,

யூடியூபில் வேறு எதையோ தேடப் போய் 'ஃப்ளாப் ஷோ' என்ற பழைய தூர்தர்ஷன் தொடரில் மாட்டிக்கொண்டேன். ஜஸ்பால் பட்டி! என் இந்தி அரைகுறைதான், இருந்தாலும் வேறு வேலையே ஓடவில்லை. அப்புறம் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன், மனசு கஷ்டமாகிவிட்டது. மொத்தமே பத்து எபிசோடுகள்தானாம். அதற்குப் பிறகு இந்திப் படங்களில் சின்னச் சின்ன வேஷங்கள், ஒரு டான்ஸ் நிகழ்ச்சியில் போட்டியாளர், கடைசியில் சொந்தப் படத்தின் விளம்பரத்துக்காகப் போன பயணத்தில் கார் விபத்து. இவ்வளவு திறமை உள்ள மனிதர் வீணாகிப் போனார் என்றுதானே சொல்ல வேண்டும்? நம் ஊரில் டிவி காமெடியிலிருந்து போனவர்கள் சினிமாவில் எங்கேயோ இருக்கிறார்கள், அவரால் ஏன் முடியவில்லை? இந்தி தெரியாத நம்மவர்களுக்கு அவரை எப்படி அறிமுகப்படுத்துவது?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

வீணாகிப் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் நீங்கள் கையில் வைத்திருப்பது நம் ஊர் அளவுகோல். இங்கே சின்னத்திரை என்றால் சினிமாவுக்கு ஏறும் படிக்கட்டு. லொள்ளு சபாவிலிருந்து சந்தானம் ஏறினார், கலக்கப்போவது யாரு மேடையிலிருந்து சிவகார்த்திகேயன் ஏறினார், ஏறாமல் நின்றுவிட்டவர்களைப் பார்த்து 'பாவம், சரியான சான்ஸ் கிடைக்கவில்லை' என்கிறோம். இதில் தப்பில்லை, நம் டிவி காமெடியின் மூலப்பொருளே சினிமாதான், சினிமாவைக் கிண்டல் செய்து பழகியவர் சினிமாவுக்குப் போவது இயல்பு. பட்டி இந்த வரிசையில் நின்றவரே இல்லை. அவருடைய மூலப்பொருள் அரசு அலுவலகம், ரசீது, ஃபைல், டெலிபோன் லைன், கான்ட்ராக்டர். அவர் தொடங்கிய இடமும் டிவி கிடையாது, தெரு.

1955 மார்ச் 3 அன்று அமிர்தசரஸில் பிறந்தவர். சண்டிகரில் பஞ்சாப் இன்ஜினியரிங் காலேஜில் எலக்ட்ரிகல் படித்தார். படிக்கிற காலத்திலேயே 'நான்சென்ஸ் கிளப்' என்று ஒரு கூட்டம் சேர்த்துக்கொண்டு ஊழலைக் கிண்டல் செய்து தெருநாடகம் போட்டவர். பிறகு சண்டிகர் ட்ரிப்யூன் நாளிதழில் கார்ட்டூன் வரைந்தார். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் அவருடைய டிவி வேலை முழுவதிலும் கார்ட்டூன்காரரின் கை தெரிகிறது. கார்ட்டூனில் ஒரே ஒரு கட்டம்தான் கிடைக்கும், அதற்குள் ஆளையும் இடத்தையும் தப்பையும் காட்டி முடித்துவிட வேண்டும், விளக்கிக்கொண்டிருக்க முடியாது. எண்பதுகளின் பிற்பகுதியில் தூர்தர்ஷன் காலை ஒளிபரப்பில் வந்த 'உல்டா புல்டா' அப்படிப்பட்டதுதான், சில நிமிடத் துண்டு, வந்தது தெரிவதற்குள் முடிந்துவிடும். நாடு முழுக்க ஆட்கள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டே பார்த்தார்கள்.

1989இல் 'ஃப்ளாப் ஷோ'. எழுத்தும் இயக்கமும் அவர், தயாரிப்பு அவர் மனைவி சவிதா பட்டி. சவிதாவே எல்லா எபிசோடிலும் அவருக்கு மனைவியாகவும் நடித்தார். விவேக் ஷௌக் வாரத்துக்கு ஒரு வேஷம் கட்டினார். பத்து எபிசோடு. அதே காலகட்டத்தில் 'மகாபாரதம்' 94 எபிசோடுகள் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்தை முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள், உங்களைப் போல இந்தி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் உட்பட. இதற்கு என்ன காரணம் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன், எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

சாதாரணமாக நையாண்டி செய்பவர் தன்னை வெளியே வைத்துக்கொள்வார். நம் சோ மேடையில் செய்தது அதிகாரத்தில் இருப்பவர்கள் மேல் நேரடித் தாக்குதல், அதற்குத் துணிச்சல் வேண்டும், அவருக்கு அது நிறையவே இருந்தது. ஆர்.கே. லக்ஷ்மணின் கார்ட்டூன்களில் வரும் காமன் மேன் ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்ப்பார், வாயே திறக்க மாட்டார். இரண்டிலும் பார்வையாளர்களான நமக்கு ஒரு வசதி இருக்கிறது, தப்பு செய்கிறவர் வேறு யாரோ, நாம் பாதிக்கப்பட்டவர்கள். பட்டி அந்த வசதியைத் தரவில்லை. ஃப்ளாப் ஷோவில் பெரும்பாலும் தப்புக்குத் துணைபோகிற ஆளாகவோ, தப்பையே செய்கிற ஆளாகவோ அவரே வந்து நிற்கிறார். பொய்யான மருத்துவ பில் கொடுத்து ஆபீஸில் பணம் வாங்குகிற விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் மந்திரி இல்லை, ரவுடி இல்லை, முதலாளி இல்லை. குடும்பஸ்தர்கள்தான் இருக்கிறார்கள். எல்லோரும் செய்வது, கேட்டால் 'இதெல்லாம் ஒரு தப்பா' என்று திருப்பிக் கேட்பது. அதை அவர் ஒரு சொட்டுக்கூட மிகைப்படுத்தாத முகத்தோடு, மளிகைக் கணக்கு பேசுகிற குரலில் செய்துகாட்டும்போது, சிரித்துக்கொண்டிருக்கிற நமக்கு நடுவில் எங்கோ சுருக்கென்று இருக்கும்.

ஆராய்ச்சி மாணவரைத் தன் வீட்டு வேலைகளுக்கெல்லாம் அலைக்கழிக்கும் வழிகாட்டிப் பேராசிரியர் கதையைப் பார்த்திருப்பீர்கள். பிஎச்.டி. செய்தவர்கள் இதை இன்றைக்கும் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள், ஏன் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். அதில் கத்தல் கிடையாது, கொடுமைக்காரப் பேச்சு கிடையாது. எல்லாம் மரியாதையாகவே நடக்கிறது, மாணவரும் பணிவாகத் தலையாட்டுகிறார், அதுதான் வயிற்றைப் பிசைகிறது. பட்டி கண்டுபிடித்த விஷயம் இது என்று நினைக்கிறேன்: நம் நாட்டில் அநியாயம் பெரும்பாலும் நல்ல உபசரிப்போடு, டீ கொடுத்து, 'உட்காருங்க' என்று சொல்லித்தான் நடக்கிறது. அதனால் அவர் நகைச்சுவையிலும் யாரும் பல்லைக் கடிப்பதில்லை.

வடிவத்திலும் அவர் இதைத்தான் செய்தார். அந்த வாரம் யாரைக் கிண்டல் செய்யப் போகிறாரோ அவர்களுக்கே அந்த எபிசோடை சமர்ப்பணம் செய்துவிட்டு ஆரம்பிப்பார். முடிவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு இந்திப் பட மெட்டில் அந்த வாரப் பிரச்சினையை வரிகளாகப் போட்டு ஒரு பாட்டு. வேஷம், விக், குரல் மாற்றம் என்று எதையும் அவர் நம்பவில்லை. அதே தலைப்பாகை, அதே தாடி, வாரத்துக்கு வாரம் மாறுவது அவர் பார்க்கும் வேலை மட்டும்.

அந்தத் தலைப்பாகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் இது இல்லை, ஆனால் எனக்கு இதுதான் மிகப் பெரிய விஷயம். நம் வார இதழ்களில் சர்தார்ஜி ஜோக் என்று பக்கம் பக்கமாக வந்த காலம் உங்களுக்கும் நினைவிருக்கும். பஞ்சாபியர் ஒருவரைக்கூட நேரில் பார்த்திராத நாம் அவர்களை மந்தபுத்திக்காரர்களாக வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தோம், இந்தி சினிமாவும் அதே வேலையைத்தான் செய்தது. இன்னொரு பக்கம் 1984. பொற்கோயிலில் ராணுவ நடவடிக்கை, பிரதமர் படுகொலை, அதைத் தொடர்ந்து டெல்லியில் சீக்கியர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டது, பஞ்சாபில் வருஷக்கணக்கில் துப்பாக்கிச் சத்தம். செய்தியில் தலைப்பாகை வந்தால் பயம், ஜோக்கில் வந்தால் கேலி, நடுவில் எதுவும் இல்லை. அந்த வருஷங்களில், அமிர்தசரஸில் பிறந்த ஒரு சீக்கியர், அதே அரசாங்கத்தின் டிவியில், வாடகையையும் டெலிபோனையும் பற்றிப் புலம்புகிற நம் பக்கத்து வீட்டு நடுத்தர வர்க்க மனிதராக வந்து உட்கார்ந்தார். ஜோக் அவர் மேல் இல்லை, ஜோக்கைச் சொல்கிறவர் அவர். மற்ற எல்லோரும் புரியாமல் திணறும் இடத்தில் விஷயம் புரிந்த ஒரே ஆளும் அவர்தான். இதைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட அவர் நிகழ்ச்சியில் செய்யவில்லை. முகத்தைக் காட்டினார், அவ்வளவுதான். ஒரு நடிகர் தன் வாழ்நாளில் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?

சரி, உங்கள் வருத்தத்தில் நான் பங்கு கேட்ட அந்தப் பாதி. தொண்ணூறுகளில் தனியார் சேனல்கள் வந்தபின் டிவி மாறிவிட்டது. ஃப்ளாப் ஷோவுக்கு அப்புறமும் அவர் தொடர்கள் செய்தார், 'ஃபுல் டென்ஷன்' போன்றவை, அவற்றில் நல்ல இடங்கள் உண்டு, அந்தக் கூர்மை இல்லை. 1999இல் பஞ்சாப் போலீஸை வைத்து 'மாஹோல் டீக் ஹை' என்ற பஞ்சாபிப் படம் எடுத்தார். இந்திப் படங்களில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் கலகலப்பான சர்தார்ஜி வேஷம்தான், 2006இல் வந்த 'ஃபனா'வில் ஜாலி குட் சிங் என்றே பெயர். சர்தார்ஜி ஜோக்கை எந்த மனிதர் டிவியில் உடைத்தாரோ அவரையே சினிமா திரும்ப அதற்குள் கூப்பிட்டது என்பது எனக்கு ஆறவே இல்லை. 2008இல் 'நச் பலியே' நடன நிகழ்ச்சியில் அவரும் சவிதாவும் ஆடியதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது, இருவரும் சந்தோஷமாக ஆடினார்கள். இதையும் சொல்லிவிடுகிறேன்: ஃப்ளாப் ஷோவிலேயே மனைவி, மைத்துனி பற்றிய சில நகைச்சுவைகள் இன்று பழசாகிவிட்டன. அவற்றைத் தாண்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் டிவியும் சினிமாவும் அவரை என்ன செய்தன என்று மட்டும் பார்த்தால் பாதி ஆள்தான் தெரிவார். தெருவை அவர் விடவே இல்லை. தேர்தல் வந்தால் ஒரு போலிக் கட்சி ஆரம்பிப்பார், ஹவாலா கட்சி, சூட்கேஸ் கட்சி, பொருளாதார மந்தம் வந்த 2009இல் ரிசஷன் கட்சி. அதே வருஷம் விலைவாசி ஏறியபோது சண்டிகரில் ஒரு பொருட்காட்சி போட்டார். வளையம் எறிந்து பரிசு ஜெயிக்கும் விளையாட்டு இருக்கிறதே, அதில் பொம்மைக்கும் சோப்புக்கும் பதிலாகக் காய்கறி, பருப்பு, எண்ணெய். ஜனங்கள் வரிசையில் நின்று வளையம் எறிந்தார்கள். கேமராவுக்கு முன்னால் செய்ததைவிட இது சின்ன வேலை என்று நான் நினைக்கவில்லை, கல்லூரியில் நான்சென்ஸ் கிளப்பில் செய்த அதே வேலையை ஐம்பது வயசு தாண்டியும் செய்துகொண்டிருந்தார். நாடறிந்த முகமானபின் பெரும்பாலானவர்கள் முதலில் விடுவது இதைத்தான்.

கடைசிப் படமும் அப்படித்தான். பஞ்சாபின் மின்வெட்டை வைத்து 'பவர் கட்', எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர் எடுத்த படம், மகன்தான் கதாநாயகன். அதன் விளம்பரத்துக்காக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் 2012 அக்டோபர் 25 விடிகாலையில் ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே விபத்து. வயது 57. மறுநாள் படம் வெளியானது. விவேக் ஷௌக் அதற்கு முந்தைய வருஷமே, 2011 ஜனவரியில் போய்விட்டிருந்தார். 2013இல் பட்டிக்கு பத்ம பூஷண் கொடுத்தார்கள், உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டியது.

'அவரால் ஏன் முடியவில்லை' என்று கேட்டிருந்தீர்கள். சினிமாவில் பெரிய ஆளாவதை அவர் முயன்று தோற்றதாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய நகைச்சுவைக்கு ஒரு சின்ன அறையும் இரண்டு நாற்காலியும் ஒரு பொய்யும் போதும். கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று இரண்டு வரி சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நகர்வது வேறு தொழில், அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், நன்றாகச் செய்கிறார்கள்.

கடைசிக் கேள்வி, இந்தி தெரியாதவர்களுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது. மொழிபெயர்த்துச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள், பாட்டு வரும் இடங்களில் அது நிச்சயம் சொதப்பும். பேராசிரியர் எபிசோடையோ மருத்துவ பில் எபிசோடையோ எடுத்துக்கொள்ளுங்கள், அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்ற யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், கதை இன்னது என்று இரண்டு வரியில் முதலிலேயே சொல்லிவிட்டுப் போடுங்கள். வசனம் பாதி புரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர் முகத்தையும், கேட்டுக்கொண்டிருக்கிறவர் முகத்தையும் பார்த்தாலே விஷயம் வந்துவிடும். பில் எபிசோடு முடிந்ததும் உங்கள் பக்கத்தில் இருப்பவர் தன் ஆபீஸில் நடந்த ஒரு கதையைச் சொல்வார், அதையும் கேட்டு வைத்துக்கொண்டு முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.