கெத் மென்பொருளை மாற்றி எழுதினால் உரிமம் யார் கையில்?

கேள்வி: கோவையில் நான்கு பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனம் எங்களுடையது. எத்தீரியம் பிளாக்செயினை ஓட்டும் கோ-எத்தீரியம் மென்பொருளை, அதாவது கெத்தை எடுத்து, கன்சென்சஸ் பகுதியை (எந்தப் பதிவு செல்லும் என்று கணினிகள் ஒத்துப்போகும் முறையை) மாற்றி, நூற்பாலைகள் தங்களுக்குள் பயன்படுத்தும்படி ஒரு பிளாக்செயின் ஃபிரேம்வொர்க், அதாவது பொதுக் கணக்கேட்டுக்கான மென்பொருள் அடித்தளம், செய்திருக்கிறோம். யாரும் அதிகக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தவிடும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் ஓப்பன் சோர்ஸாக (எல்லோரும் கோடைப் பார்க்கும்படி) வெளியிட ஆசை. “உரிமத்தை அரசிடம் பதிவு செய்தால்தான் செல்லும், 45,000 ரூபாய் ஆகும்” என்கிறார் ஒரு கன்சல்டன்ட். கன்சென்சஸ் பகுதியை எழுதியவர் வெளியாள். பேசிய பணத்தை முழுக்கக் கொடுத்துவிட்டோம். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 45,000 ரூபாயைப் பத்திரமாக வையுங்கள். ஓப்பன் சோர்ஸ் உரிமத்தைப் பதிவு செய்யும் அலுவலகம் இந்தியாவில் கிடையாது. உரிமம் என்பது கோடுடன் நீங்கள் வைக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். காப்புரிமை (காப்பிரைட்) பதிவு வேறு விஷயம். அதுவும் கட்டாயமில்லை, எழுதிய நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. பதிவு செய்தே தீருவேன் என்றால் அரசுக் கட்டணம் 500 ரூபாய். சோர்ஸ் கோடின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் கேட்பார்கள். தினமும் மாறும் கோடுக்கு எது முதல் பக்கம், எது கடைசிப் பக்கம் என்று அந்த விதியை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இனி உங்கள் உண்மையான சிக்கல். கெத்தின் நூலகப் பகுதி எல்ஜிபிஎல் 3; ‘சிஎம்டி’ ஃபோல்டரில் இருப்பது ஜிபிஎல் 3. இரண்டுமே, மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதே உரிமத்தில் சோர்ஸோடு கொடு என்று கேட்கும் உரிமங்கள். நீங்கள் திருத்திய கோப்புகளை அப்பாச்சிக்கு மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை. ‘சிஎம்டி’ பகுதியையும் சேர்த்து கம்பைல் ஆகும் நோடு மென்பொருள் (செயினில் சேரும் ஒவ்வொருவரின் கணினியிலும் ஓடுவது) முழுவதும் ஜிபிஎல் 3-இல்தான் வெளியே போக வேண்டும். ஆர்பிசி வழியாக, அதாவது வெளியிலிருந்து அழைப்பு அனுப்பி, நோடுடன் பேசும் வாலட், டாஷ்போர்டு, எஸ்டிகே (பிற நிரலாளர்களுக்கான கருவித் தொகுப்பு) ஆகியவை தனி நிரல்கள். அவற்றை அப்பாச்சியில் தாராளமாக விடலாம். எல்லாமே அப்பாச்சியில்தான் வேண்டும் என்றால் அடித்தளத்தையே மாற்றுங்கள்: ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக், பெசு, காஸ்மாஸ் எஸ்டிகே ஆகிய மூன்று பிளாக்செயின் மென்பொருள்களும் அப்பாச்சி 2.0. எத்தீரியம் வகையிலேயே இருக்க நினைத்தால் பெசு பொருந்தும். ஆனால் அது ஜாவா; கோ மொழியில் எழுதிய கன்சென்சஸை மறுபடி எழுத வேண்டும்.

“எங்கள் சர்வரில்தானே ஓடுகிறது, சோர்ஸ் எதற்குத் தர வேண்டும்?” என்று சிலர் வாதிடுவார்கள். தனியார் செயினில் இது எடுபடாது. ஒவ்வொரு ஆலையும் சொந்தமாக ஒரு நோடு ஓட்டும். அந்த பைனரியை (கம்பைல் செய்த, ஓடத் தயாரான கோப்பை) நீங்கள் அவர்களுக்குக் கொடுத்ததுமே விநியோகம் ஆகிவிட்டது. அவர்களுக்கு சோர்ஸும் சேர வேண்டும்.

அதைவிட மோசமான தவறு, ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருக்கும் ‘கோ-எத்தீரியம் ஆதர்ஸ்’ வரியை அழித்துத் தங்கள் கம்பெனிப் பெயரைப் போடுவது. அழிக்காதீர்கள். அதன் கீழே நீங்கள் மாற்றியதையும் தேதியையும் சேருங்கள். ஏற்கெனவே அழித்திருந்தால் உடனே மீட்டு வையுங்கள். முதல் மீறலாக இருந்து, அறிவிப்பு வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் ஜிபிஎல் 3 உரிமம் திரும்பக் கிடைக்கும்.

அடுத்து அந்த வெளியாள். பணம் கொடுத்துவிட்டோம், அதனால் கோடு எங்களுடையது என்று நினைக்கிறீர்கள். இல்லை. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில், பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று ஒரு விலக்கு உண்டு. அது புகைப்படம், ஓவியம், செதுக்கோவியம், திரைப்படம் ஆகியவற்றுக்கு மட்டும். கல்யாண போட்டோவுக்கு உண்டு, உங்கள் கன்சென்சஸ் கோடுக்கு இல்லை. சம்பளத்துக்கு இருக்கும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்சர் ஊழியர் அல்ல. பில், ஜிஎஸ்டி ரசீது, வங்கிப் பரிமாற்றம் எதுவும் உரிமையை மாற்றாது. அவர் கையெழுத்திட்ட எழுத்துமூல ஒப்படைப்பு வேண்டும்.

அந்தத் தாளிலும் பொறி உண்டு. 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிக்காவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான். இடம் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் கோடுக்கு இது எப்படிப் போதும்? ஒப்படைத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்ற 19(4) விதியும் இருக்கிறது. ஆகவே நான்கு சொற்றொடர்களைக் கட்டாயம் எழுதுங்கள்: ‘காப்புரிமைக் காலம் முழுவதும்’, ‘உலகம் முழுவதும்’, ‘ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வெளியிடும் உரிமை உட்பட’, ‘19(4) பொருந்தாது’. எந்த ரெப்போ (கோடு இருக்கும் களஞ்சியம்), எந்த கமிட் (பதிவான மாற்றம்) வரை என்பதையும் குறியுங்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தங்களை அப்படியே நகலெடுத்தால் இவற்றில் ஏதாவது ஒன்று விடுபடும்.

இனிமேல் வரும் பங்களிப்புகளுக்கு டிசிஓ, அதாவது ‘இந்தக் கோடைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்று பங்களிப்பவர் தரும் உறுதிமொழி, போதும்: கமிட் செய்யும்போது ‘சைன்ட்-ஆஃப்-பை’ வரி இல்லாவிட்டால் சேர்க்காதீர்கள். ரெப்போவைப் பொதுவில் திறக்குமுன் ஹிஸ்டரியில் (பழைய மாற்றங்களின் பதிவில்) நோடு கீ, அதாவது நோடின் ரகசியச் சாவி, கிடக்கிறதா என்றும் தேடுங்கள். இருந்தால் கோப்பை நீக்குவது போதாது, புதுக் கீ உருவாக்க வேண்டும்.

ஃபிரேம்வொர்க்கின் பெயரைக் காக்க நினைத்தால், பணம் செலவழிக்க வேண்டிய இடம் டிரேட்மார்க்தான். சிறு நிறுவனத்துக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; மென்பொருளுக்கு 9, 42 ஆகிய வகுப்புகள். சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் சான்று கையில் இருக்கட்டும். சில இடைத்தரகர்கள் விண்ணப்பதாரர் இடத்தில் தங்கள் பெயரையே போட்டுவிடுவார்கள். அந்தக் கட்டத்தில் உங்கள் நிறுவனத்தின் பெயர் இருப்பதைப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.